பயணத்தில் பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேதாகமம் காட்டும் வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய ஊரில் எங்கே தங்குவது, எந்த வழியாகப் போவது, யாருடைய அழைப்பை ஏற்பது என்று முடிவெடுக்கும்போது விசுவாசிகள் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்க்கிறேன். சிலர் ஜெபித்துவிட்டு விசாரிக்காமலே கிளம்புகிறார்கள். மற்றவர்கள் விசாரிக்கிறார்கள், ஆனால் வரிசை தப்பிவிடுகிறது. முதலில் அறையின் போட்டோ, அடுத்து வாடகை, பணம் கட்டிய பிறகுதான் "அந்தப் பகுதி எப்படி?" என்ற கேள்வி.

"விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகளோ நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்" என்று நீதிமொழிகள் 22:3 சொல்கிறது. 27:12-இல் இதே வசனம் மறுபடியும் வருகிறது. ஆபத்தை நேரத்தோடு பார்க்க வேண்டுமானால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள். நடுவில் ஒன்றை விட்டால் அடுத்தது பாதிதான் பயன்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாபிலோனிலிருந்து ஜனங்களை அழைத்துக்கொண்டு எருசலேமுக்குக் கிளம்பிய வேதபாரகர் எஸ்றா, அகாவா நதியண்டையில் மூன்று நாள் பாளயமிறங்கி, வந்தவர்களைப் பார்வையிட்டார். ஆலயப் பணி செய்யும் லேவியர் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது (எஸ்றா 8:15). ஆள் அனுப்பி அழைத்துவர அங்கே நேரமிருந்தது. பாதி வழியில் தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

உங்களுக்கும் அப்படி ஒரு பார்வையிடுதல் வேண்டும். யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன மருந்து, யாரால் படியேற முடியாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். போகிற ஊரில் இப்போது வசிக்கும் ஒருவரின் தொடர்பு எண் வேண்டும். வீட்டில் இருந்தபடி உங்கள் பயணத்தைக் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங்காகப் பாருங்கள். கூடவே, வேறு இடத்தில் ஓர் இரவு தங்குவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். இது ஏன் என்பது ஒன்பதாவது படியில் புரியும்.

1. குழுவில் மிகவும் தளர்ந்தவரை வைத்து அளவிடுங்கள்

ஏசா யாக்கோபிடம் "சேர்ந்து போகலாம், வா" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இளசுகள், கறவையாடுகளும் மாடுகளும் உண்டு, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும் என்று காரணம் சொன்னார். பிள்ளைகளின் நடைவேகத்துக்குத் தக்கதாகத்தான் வருவேன் என்றார் (ஆதியாகமம் 33:13-14).

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. குழுவில் திடமான இருபத்தைந்து வயது இளைஞர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அவருக்குப் பாதுகாப்பான இடம், தனியாக இரவு கழிப்பறைக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணுக்கும் பாதுகாப்பானதா? முழங்கால் வலியுள்ள பெரியவர் தீ பிடித்தால் அந்த மாடியிலிருந்து இறங்கிவிடுவாரா? அவர்களையே கேளுங்கள். "எங்கே இருந்தாலும் சரி" என்று சொல்கிறவர்களை இன்னொரு தடவை தனியாகக் கேளுங்கள். முதல் தடவை கூச்சத்தில் சொன்ன பதிலாக இருக்கலாம்.

2. ஜெபியுங்கள், ஜெபித்த பிறகு விசாரியுங்கள்

சங்கீதம் 91-ஐ வாசித்துவிட்டு, எங்கே போனாலும் தூதர்கள் தாங்குவார்கள் என்று கிளம்புகிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, கீழே குதிக்கச் சொன்ன சோதனைக்காரன் எடுத்துக்காட்டியதும் அந்தச் சங்கீதத்தைத்தான். இயேசு "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வசனத்தால் பதில் சொன்னார் (மத்தேயு 4:5-7). வாக்குத்தத்தம் உண்மைதான். அதை நம்பி வேண்டுமென்றே குதிப்பது வேறு காரியம்.

எஸ்றாவையும் நெகேமியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது இங்கே உதவும். தேவனுடைய கரம் எங்களோடு இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லியிருந்தபடியால், எஸ்றா வழிக்காவலுக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் கூறினார் (எஸ்றா 8:21-23). எருசலேமின் மதிலைக் கட்டப் போன நெகேமியாவும் ஜெபித்தவர்தான். ஆனால் நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்களைக் கேட்டு வாங்கினார், ராஜா அனுப்பிய இராணுவச் சேர்வைக்காரரோடும் குதிரைவீரரோடும் பயணம் செய்தார் (நெகேமியா 2:7-9). இருவரையும் வேதாகமம் குறை சொல்லவில்லை. எஸ்றாகூட எண்ணிப் பார்க்காமலும் ஆட்களைச் சரிபார்க்காமலும் கிளம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே இடத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் "ஆண்டவரே, இதுவா?" என்று கேட்டு, மனதில் வரும் முதல் உணர்வை விடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞானத்தைக் கேட்டு ஜெபியுங்கள், விசாரியுங்கள், கிடைத்த தகவலோடு மறுபடியும் ஜெபியுங்கள். எல்லாத் தகவலும் சரியாக இருந்தும் உள்ளே அமைதி இல்லையென்றால், அதையும் தள்ளிவிட வேண்டாம்.

3. கட்டிடத்துக்கு முன்பு மனிதர்களைப் பற்றி விசாரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

லோத்து தன் கண்களை ஏறெடுத்துப் பார்த்தபோது யோர்தான் சமபூமி கர்த்தருடைய தோட்டத்தைப் போல நீர்வளம் பொருந்தியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு, சோதோமுக்கு நேரே கூடாரம் போட்டார். அங்கிருந்த ஜனங்கள் மிகவும் பொல்லாதவர்கள் என்பதை வேதாகமம் அதற்கு அடுத்த வசனத்தில் சொல்கிறது (ஆதியாகமம் 13:10-13). லோத்து பார்த்தது இடத்தை மட்டுமே. இன்று கைப்பேசியில் நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் செய்வதும் இதுவே.

மோசே கானானுக்கு அனுப்பிய ஆட்களுக்குக் கொடுத்த கேள்விகள் எண்ணாகமம் 13:18-20-இல் இருக்கின்றன. குடியிருக்கிற ஜனங்கள் பலவான்களோ பலவீனரோ, கொஞ்சம் பேரோ அநேகம் பேரோ, நிலம் எப்படிப்பட்டது, குடியிருப்பு கூடாரங்களா கோட்டைகளா, மரங்கள் உண்டா. மனிதர், நிலம், கட்டிடம், உணவு என்று நான்கும் அதில் அடங்கிவிட்டன. நான் குழுக்களுக்குக் கொடுக்கும் விசாரணைத் தாளும் இந்த நான்கு தலைப்பில்தான் இருக்கும்.

மனிதர்களைப் பற்றிக் கேட்கும்போது "பாதுகாப்பான ஊரா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. "இரவு பத்து மணிக்கு உங்கள் மகளைத் தனியாக அந்தத் தெருவில் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். "பேருந்து நிலையத்திலிருந்து அங்கே நடந்து போவீர்களா, வண்டி பிடிப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் அவர் கொஞ்சம் தயங்கினாலே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டு காரியங்கள் இந்தப் படியில் அடிக்கடி விட்டுப்போகின்றன.

ஒன்று, அமைதியாக இருப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பது. லாயீஸ் ஊரார் பயமில்லாமல் சுகமாய்க் குடியிருந்தார்கள். தாண் கோத்திரத்தார் வந்து ஊரைச் சுட்டெரித்தபோது தப்புவிப்பார் ஒருவரும் இல்லை. உதவிக்கு வரக்கூடிய சீதோன் தூரத்தில் இருந்தது, வேறு மனிதரோடும் அவர்களுக்குச் சம்பந்தமில்லை (நியாயாதிபதிகள் 18:7, 27-28). ஆள் நடமாட்டமில்லாத அழகான தங்குமிடத்தைப் பார்க்கும்போது, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் யார் வருவார்கள் என்று கேளுங்கள். அருகிலுள்ள மருத்துவமனை எங்கே, கைப்பேசிக்கு அங்கே சிக்னல் வருமா, இரவு வண்டி கிடைக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, பழைய தகவலை நம்புவது. எகிப்திலிருந்து திரும்பிய யோசேப்பு, ஏரோதுவின் இடத்தில் அவன் குமாரன் அர்கெலாயு யூதேயாவில் அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே போகப் பயந்தார். சொப்பனத்திலும் எச்சரிக்கப்பட்டு, கலிலேயாவின் புறங்களுக்கு விலகிப்போனார் (மத்தேயு 2:22). ஏரோது செத்துவிட்டான், அதனால் பழைய இடத்துக்கே போகலாம் என்று அவர் விட்டுவிடவில்லை. இப்போது அங்கே யார் என்று பார்த்தார். போன வருடம் நன்றாக இருந்த விடுதி இந்த வருடம் வேறொருவர் கையில் இருக்கலாம். ரிவ்யூக்களில் கடைசி மூன்று மாதத்தவற்றை மட்டும், அதிலும் குறைவான மதிப்பெண் கொடுத்தவற்றை முதலில் படியுங்கள். சாப்பாடு சரியில்லை என்பதை விட்டுவிடலாம். "பூட்டு வேலை செய்யவில்லை", "ஊழியர் கேட்காமல் அறைக்குள் வந்தார்" என்று ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

4. அழைப்பு வந்தால், அழைப்பவரைச் சோதித்துப் பாருங்கள்

விசுவாசிகள் அதிகம் ஏமாறுவது இங்கே. "நானும் ஆண்டவரை அறிந்தவன், நம் வீட்டில் தங்குங்கள்" என்ற ஒரு சொல்லில் எல்லா விசாரிப்பும் நின்றுவிடுகிறது.

1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசிக்கவும் வேண்டாம், போன வழியாய்த் திரும்பவும் வேண்டாம் என்ற கட்டளை இருந்தது. ராஜா அழைத்தபோது துணிந்து மறுத்தார். அப்புறம் ஒரு கிழவரான தீர்க்கதரிசி வந்து, உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான், தூதன் சொன்னான், வாரும் என்றார். அது பொய். ஆனாலும் இவர் கூடப் போனார். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. எதிரி அழைத்தால் நாம் விழித்துக்கொள்கிறோம். நம்முடைய மொழியில் பேசுகிறவர் அழைக்கும்போதுதான் காவல் தளர்கிறது.

நெகேமியா இதைச் சரியாகக் கையாண்டார். ஓனோ பள்ளத்தாக்கின் கிராமம் ஒன்றில் சந்திப்போம் என்று அவருடைய எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஆளனுப்பினார்கள். அவர் வரவில்லை என்றதும் நான்கு தரம் கேட்டார்கள், நான்கு தரமும் ஒரே பதில் (நெகேமியா 6:2-4). ஊரை விட்டுத் தள்ளி, அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் சந்திக்கச் சொன்னதே அவருக்குப் போதுமான அடையாளமாக இருந்தது. நீங்கள் மறுத்த பிறகும் விடாமல் வற்புறுத்துகிற அழைப்பை ஏற்காதீர்கள். காரணம் விளக்கிக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

அழைப்பவரைப் பற்றி அவரைத் தவிர வேறு இருவரிடம் விசாரியுங்கள். இயேசு சீஷர்களை அனுப்பியபோது, எந்தப் பட்டணத்திலாவது கிராமத்திலாவது பிரவேசித்தால் அதில் பாத்திரவான் யாரென்று விசாரித்து, புறப்படும்வரை அங்கே தங்குங்கள் என்றார் (மத்தேயு 10:11). பவுலும் சும்மா யார் வீட்டிலும் தங்கிவிடவில்லை. கொரிந்துவில் ஒரே தொழில் செய்த ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீடு, எருசலேமில் பழைய சீஷனான மினாசோன் வீடு. மினாசோனிடம் அவரை அழைத்துப்போனதும் செசரியாவிலிருந்து கூட வந்த சீஷர்கள்தான் (அப்போஸ்தலர் 18:2-3, 21:16).

எச்சரிக்கை யாராவது சொன்னால் அதை அவதூறு என்று ஒதுக்காதீர்கள். இஸ்மவேல் உம்மைக் கொல்ல வருகிறான் என்று யோகனான் வந்து சொன்னபோது, நீ பொய் சொல்லுகிறாய் என்றார் யூதாவில் பாபிலோன் ராஜா வைத்த அதிபதியான கெதலியா. மிஸ்பாவில் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் இஸ்மவேலின் ஆட்கள் அவரை வெட்டினார்கள் (எரேமியா 40:13-16, 41:1-2). எச்சரித்தவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டும் என்றில்லை. சரிபார்க்கிற வரைக்கும் அங்கே போகாமல் இருந்தால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேராரில் தேவபயம் இல்லை என்று ஆபிரகாம் தானாக முடிவுகட்டினார் (ஆதியாகமம் 20:11). நியாயமாக நடந்துகொண்டது அந்த ஊர் ராஜா அபிமெலேக்கு, மனைவியைச் சகோதரி என்று மட்டும் சொல்லி ஏமாற்றியது ஆபிரகாம். வேறு மதத்தார், வேறு மொழியார் என்பதால் மட்டும் ஓர் இடத்தை ஒதுக்கினால் நல்ல இடத்தை இழப்பீர்கள். அடுத்த படியில் வருகிற லேவியனுக்கு நடந்தது அதுதான்.

5. வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள்

நியாயாதிபதிகள் 19 படிக்கக் கொடுமையான அதிகாரம். ஆனால் பயணத் திட்டத்தில் எங்கே வழுக்குகிறது என்பதை இதைப் போல் காட்டும் பகுதி வேறில்லை.

பெத்லெகேமிலிருந்து தன் மறுமனையாட்டியை அழைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய லேவியனை மாமனார் உபசரித்து உபசரித்து நிறுத்திவைத்தார். நான்காம் நாள் அதிகாலையில் எழுந்தும் கிளம்ப முடியவில்லை. ஐந்தாம் நாளும் காலை போய், பொழுது சாயும் நேரத்தில்தான் கிளம்பினார்கள். முதல் தவறு இதுவே. "சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்ற அன்பான சொல் எத்தனை குழுக்களை இருட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது!

எபூசை (அந்நாளைய எருசலேமை) நெருங்கியபோது பொழுது போயிற்று. வேலைக்காரன் இங்கேயே தங்கலாம் என்றான். இஸ்ரவேல் புத்திரர் இல்லாத மறுஜாதியார் பட்டணம், வேண்டாம் என்றார் லேவியன். கிபியா நம்மவர் ஊர், அங்கே போகலாம் என்றார். அங்கே சேர்ந்தபோது சூரியன் அஸ்தமித்துவிட்டது. வீதியில் உட்கார்ந்தார்கள். கழுதைக்குத் தீவனமும் தங்களுக்கு அப்பமும் கையில் இருந்தும், வீட்டில் ஏற்றுக்கொள்வார் ஒருவரும் இல்லை. கடைசியில் கூப்பிட்டவர் எப்பிராயீமிலிருந்து வந்து குடியிருந்த ஒரு கிழவர். அந்த ஊரில் அவருக்கே பலமில்லை, அதனால் கதவைத் தட்டிய கூட்டத்தை அவரால் தடுக்க முடியவில்லை. இரவு முழுவதும் கொடுமை அனுபவித்துச் செத்தது, அந்தப் பயணத்தில் தன் விருப்பத்தைச் சொல்ல இடமே இல்லாதிருந்த அந்த மறுமனையாட்டி. ஆண்கள் எடுத்த தவறான முடிவுகளின் விலையை அவள் கட்டினாள். முதல் படியில் தளர்ந்தவரை வைத்து அளவிடச் சொன்னதன் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது இது. போய்ச்சேரும் நேரத்தைச் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு என்று குறித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு மணி நேரம், இடம் சரியில்லையென்றால் வேறு இடம் தேடுவதற்கு. இருட்டிய பிறகு எந்த இடமும் "பரவாயில்லை" என்றுதான் தோன்றும், ஏனென்றால் வேறு வழி இருக்காது. ரயிலோ விமானமோ நள்ளிரவில்தான் சேரும் என்றால், விடியும்வரை காவலும் விளக்கும் ஆட்களும் உள்ள நிலையத்துக் காத்திருப்பு அறையிலேயே இருங்கள். அல்லது முதல் இரவுக்கு மட்டும் நிலையத்தை ஒட்டிய இடத்தை எடுங்கள்.

வழியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலை சுமார் 27 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குகிறது. வறண்ட மலையிடுக்குகள், மறைந்திருக்கத் தோதான திருப்பங்கள். இயேசு சொன்ன உவமையில் கள்ளர் கையில் அகப்பட்டவன் அந்த வழியில் தனியாகப் போனவனாகத்தான் தெரிகிறான் (லூக்கா 10:30). கைப்பேசி மேப் காட்டும் குறுக்குவழியை இரவில் எடுக்க வேண்டாம். அதற்குத் தூரமும் நேரமும்தான் தெரியும்.

6. பை பிரிக்கும் முன் அறையைப் பாருங்கள்

புதியவர்கள் அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிப் படுக்கையில் சாய்கிறார்கள். அப்புறம் எது சரியில்லையென்றாலும் எழுந்து கேட்க மனம் வராது. பை தோளில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் கதவு. உள்தாழ்ப்பாளைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். தாழ்ப்பாள் விழும் துளை இருக்கும் சட்டத்தைக் கவனியுங்கள். திருகு தளர்ந்திருக்கிறதா? மரம் பிளந்து மறுபடி பூசப்பட்டிருக்கிறதா? பூசியிருந்தால் அந்தக் கதவை யாரோ ஒரு தடவை உடைத்திருக்கலாம். பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு உண்டா, அது இந்தப் பக்கமிருந்து பூட்டுமா? சரியில்லையென்றால் வேறு அறை கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் வேறு விடுதி.

அடுத்து ஜன்னலும் பால்கனியும். புது வீட்டைக் கட்டினால் ஒருவனும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22:8 சொல்கிறது. கட்டிடத்தின் பாதுகாப்பைத் தேவன் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. துரோவாவில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததும் உங்களுக்குத் தெரியும் (அப்போஸ்தலர் 20:9). சிறுபிள்ளைகள் கூட இருந்தால் கைப்பிடியை நீங்களே அசைத்துப் பாருங்கள், கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. தாவீது கேகிலா ஊராரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றி அங்கே தங்கியிருந்தார். வாசல்களும் தாழ்ப்பாள்களும் உள்ள பட்டணம். அவரைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான், தாவீது அடைபட்டுவிட்டான் என்று. ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா என்று தாவீது கர்த்தரிடம் கேட்டார், ஒப்புக்கொடுப்பார்கள் என்றார் கர்த்தர். ஏறக்குறைய அறுநூறு பேரோடு உடனே கிளம்பிப் போய்விட்டார் (1 சாமுவேல் 23:7-13). கதவு உறுதியாக இருப்பது நல்லதுதான். அதை யார் திறப்பார், யார் பூட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லையென்றால் அந்த உறுதியே உங்களை உள்ளே அடைத்துவிடும். இரவில் வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடும் விடுதிகள் இருக்கின்றன. "இரவு அவசரமாக வெளியே போக வேண்டுமானால் யார் திறப்பார்கள், அவர் எங்கே படுப்பார்?" என்று ரிசப்ஷனிலேயே கேளுங்கள்.

உங்கள் அறையிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை நடந்து போய், நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்துதான் போக வேண்டியிருக்கும். எண்ணிய எண்ணிக்கைதான் அப்போது வழிகாட்டும். படிக்கட்டுக் கதவைத் திறந்தும் பாருங்கள், பூட்டி வைத்திருக்கிறார்களா என்று. குளிர்ப் பிரதேசமானால், மூடிய அறையில் கரி அடுப்போடு தூங்கவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

7. இரண்டாவது இடத்தை முதலிலேயே குறித்துவையுங்கள்

அறியாமல் ஒருவரைக் கொன்றவன், பழிவாங்குகிறவனிடமிருந்து தப்பி ஓடிப்போவதற்கான அடைக்கலப்பட்டணங்கள் ஆறு. யோர்தானுக்கு இந்தப் பக்கம் கேதேஸ், சீகேம், எபிரோன். அந்தப் பக்கம் பேசேர், ராமோத், கோலான் (யோசுவா 20:7-8). பட்டணங்களைக் குறித்ததோடு தேவன் நிறுத்தவில்லை. தேசத்தை மூன்று பங்காக்கி, வழியையும் ஆயத்தம்பண்ணச் சொன்னார் (உபாகமம் 19:3). ஓடுகிறவன் வழி தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அதே மாதிரி, தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இரவு முழுவதும் திறந்திருக்கும் ஓர் இடத்தைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். மருத்துவமனை, காவல் நிலையம், பெரிய ஓட்டலின் வரவேற்பறை என்று எதுவானாலும் சரி. அந்த நாட்டின் அவசர எண்ணையும் அந்த இடத்தின் முகவரியையும் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். கைப்பேசி திருடு போகிற நாளில்தான் அந்த எண் தேவைப்படும்.

8. யாரிடம் எவ்வளவு சொல்வது

எசேக்கியா ராஜா பாபிலோன் தூதருக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் காட்டினார்; அதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்கே போகும் என்று தீர்க்கதரிசி சொல்ல வேண்டியதாயிற்று (2 இராஜாக்கள் 20:13-17). வழியில் பழகியவரிடம் அறை எண்ணும் அடுத்த நாள் திட்டமும் சொல்வது அதே வகைதான். தங்கும் இடத்தின் போட்டோவை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். ரிசப்ஷனில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால், வேறு அறை கேட்டு, அதன் எண்ணை எழுதிக் காட்டச் சொல்லலாம்.

அதற்காக யாரிடமும் சொல்லாமலும் போகக் கூடாது. பவுலைக் கொல்ல நாற்பது பேருக்கு மேல் சபதம் செய்தபோது, அதைக் கேள்விப்பட்டு, அவருடைய சகோதரியின் மகன் கோட்டைக்குள் போய்ச் சொல்ல முடிந்தது. சேனாபதி அவனை, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று அனுப்பிவிட்டு, இருநூறு சேவகர், எழுபது குதிரைவீரர், இருநூறு ஈட்டிக்காரரோடு இரவு மூன்றாம் மணிக்கே, அதாவது ஒன்பது மணி அளவில், பவுலைச் செசரியாவுக்கு அனுப்பினான் (அப்போஸ்தலர் 23:12-24). சரியான ஒருவருக்கு முழு விவரம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பொறுப்பேற்றவரிடம் முகவரியையும் தினமும் பேசும் நேரத்தையும் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் எத்தனை மணி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குழுவாகப் போனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். சிறுவனான இயேசு பயணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள் (லூக்கா 2:44).

9. கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்புங்கள்

தவறான இடம் என்று தெரிந்த பிறகும் ஆட்கள் அங்கேயே இருப்பதற்கு முக்கியக் காரணம் பணம். "கட்டிவிட்டோமே, ஓர் இரவுதானே" என்பார்கள்.

அப்போஸ்தலர் 27-இல் 'நல்ல துறைமுகம்' என்ற இடத்தில் நின்ற கப்பலில் 276 பேர். உபவாசநாள் கடந்து, கடல் யாத்திரைக்கு ஆபத்தான காலம் வந்துவிட்டது. பவுல் எச்சரித்தார். அந்தத் துறைமுகம் மழைகாலத்தில் தங்க வசதியில்லை என்று அநேகம் பேர் பேனிக்ஸ் என்ற வேறு துறைமுகத்துக்குப் போக விரும்பினார்கள். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினார். தென்றல் மெதுவாக அடித்ததும் எண்ணம் கைகூடிவிட்டதென்று நங்கூரம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதியது. உயிர்கள் தப்பின, கப்பலும் சரக்கும் போயின.

இவர்கள் தவறியது கிளம்பியதில், நாம் தவறுவது கிளம்பாமல் இருப்பதில். ஆனால் முடிவைக் கெடுக்கும் மூன்று பொறிகள் இரண்டிலும் ஒன்றுதான்: வசதி, பெரும்பான்மை, பணம் போட்டவரின் வார்த்தை. தற்காலிகமாக நிலைமை நன்றாகத் தெரிவதும் சேர்ந்துகொள்ளும். இவை எதுவும் ஆபத்தைக் குறைப்பதில்லை. தொடக்கத்தில் ஓர் இரவுக்கான பணத்தைத் தனியாக வைக்கச் சொன்னேன். கிளம்பும் முடிவைப் பணத்திடம் விடாமல் இருப்பதற்காகத்தான் அது.

கிளம்புவதில் வெட்கமும் வேண்டாம். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசு (மத்தேயு 10:23). தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள் (அப்போஸ்தலர் 9:25). சீரியாவுக்குக் கப்பலேற இருந்தபோது சதி தெரியவந்ததும், மக்கெதோனியா வழியாகத் திரும்பினார் (20:3).

எந்தெந்த அறிகுறி தெரிந்தால் கிளம்புவது என்று குழுவில் முன்கூட்டியே பேசி வையுங்கள். கதவைத் தேவையில்லாமல் இரண்டாம் தடவை தட்டுவது, யாராவது பின்தொடர்வது, சொன்ன விலையும் விதியும் மாறிக்கொண்டே இருப்பது, குழுவில் ஒரு பெண் "எனக்கு இங்கே சரியாகப் படவில்லை" என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் கேட்க வேண்டாம். பையை எடுங்கள், ஏழாவது படியில் குறித்த இடத்துக்குப் போங்கள், அங்கிருந்து மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

10. திரும்பியதும் எழுதிவையுங்கள்

தங்கிய இடத்தின் விவரத்தைத் தேதியோடு எழுதிச் சபையில் அடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கானானுக்குப் போன பத்துப் பேர் கண்டதோடு பயத்தையும் கலந்து சொன்னதில் சபை முழுவதும் அந்த இரவு அழுதது (எண்ணாகமம் 13:31-14:1). "மோசமான இடம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இரண்டாம் மாடி அவசரக் கதவு பூட்டியிருந்தது, கேட்டதும் திறந்துவிட்டார்கள்" என்று எழுதினால் அடுத்தவர் போனதும் முதலில் அந்தக் கதவைத்தான் பார்ப்பார்.